விருந்தினர் நோட்டில் போன் நம்பர் இருக்கும் இடத்தில் 3816547290. இது என்ன எண்?

பூம்பாறைப் பூண்டுக்காரன்:

வணக்கம். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் இருக்கிறேன். பூண்டு, கேரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு. வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கும் விடுகிறேன். சீசனில் பூண்டை விட மாடிதான் காசு கொடுக்கிறது என்பதை என் அப்பா மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 2019-இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்து தங்கினார்கள். மன்னவனூர் ஏரி, ஆட்டுப் பண்ணை எல்லாம் சுற்றிவிட்டு ஞாயிறு காலையில் கிளம்பிப் போனார்கள். அறையைப் பெருக்கும்போது ஜன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. கூலிங் கிளாஸ் இல்லை, பவர் கண்ணாடி, நல்ல கனமான லென்ஸ். இது இல்லாமல் அந்தப் பையன் படி இறங்குவதே சிரமம். யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எல்லாரும் நெருப்பைச் சுற்றிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, ஓரமாக உட்கார்ந்து என் பெண்ணிடம் "ஏழாம் வாய்ப்பாடு எதுவரை தெரியும்?" என்று கேட்டவன் அவன்தான்.

நோட்டை எடுத்து அவன் பெயருக்கு நேரே இருந்த நம்பரை அடித்தேன். 3816547290. "நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை" என்கிறது. மூஞ்சிக்கல்லில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் மச்சானிடம் கேட்டேன். "மாமா, நம்ம நாட்டு மொபைல் நம்பர் 6, 7, 8, 9 இந்த நாலில்தான் தொடங்கும். 3-இல் தொடங்கும் நம்பரை எங்கே பிடித்தீர்கள்?" என்று சிரிக்கிறான். எழுத்து குழப்பமோ என்றால் அதுவும் இல்லை. அச்சடித்தது மாதிரி எழுதியிருக்கிறான். வேண்டுமென்றே எழுதியதுதான்.

அடையாள அட்டை நகல் கொடுத்தது கூட்டத்தில் இன்னொரு பையன். அவன் போனை எடுக்கவில்லை. அது எப்படியும் சரியாகிவிடும், அதற்காக இங்கே எழுதவில்லை.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பெண் நோட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதில் 0 முதல் 9 வரை பத்தும் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரே தடவை" என்றாள். எண்ணிப் பார்த்தேன், ஆமாம். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பத்தையும் கலைத்துப் போட்டு எழுத ஒருவனுக்கு இந்த வரிசைதான் ஏன் தோன்றியது? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய் பலம்:

ஐயா, இலக்கங்களைக் கூட்டுங்கள். 3+8+1+6+5+4+7+2+9+0 = 45. 4+5 = 9. ஒன்பது செவ்வாயின் எண், முருகனுக்கு உகந்தது. நீங்கள் இருப்பதோ குழந்தை வேலப்பர் கோயில் ஊரில். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர் நிரலாளன்:

செவ்வாய் பலம் அண்ணா, பத்து இலக்கத்தையும் ஒருமுறை போட்டால் எப்படிக் கலைத்தாலும் கூட்டுத்தொகை 45-தான். முப்பது லட்சத்துக்கு மேல் எண்கள் உங்கள் முருகனுக்கு உகந்தவை ஆகிவிடும்.

பூம்பாறை அண்ணா, உங்கள் விருந்தாளி கெட்டிக்காரன். அந்த எண்ணை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக வெட்டிப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 38, அது 2-ஆல் மீதியில்லாமல் வகுபடும். முதல் மூன்று 381, அது 3-ஆல் வகுபடும், ஈவு 127. இப்படியே போய்க்கொண்டே இருக்கும்:

3816 ÷ 4 = 954
38165 ÷ 5 = 7633
381654 ÷ 6 = 63609
3816547 ÷ 7 = 545221
38165472 ÷ 8 = 4770684
381654729 ÷ 9 = 42406081

கடைசியில் முழு எண், பூஜ்யத்தில் முடிவதால் 10-ஆல் வகுபடும். எத்தனை இலக்கம் எடுக்கிறீர்களோ அத்தனையால் வகுபடும், பத்து இலக்கமும் ஒவ்வொரு முறைதான் வரும். இந்த இரண்டு நிபந்தனையும் பொருந்துகிற எண் இது ஒன்றே ஒன்று. கணினியில் ஒரு குட்டி நிரல் எழுதி எல்லா வரிசையையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 10!, அதாவது 1 முதல் 10 வரை எல்லாவற்றையும் பெருக்கினால், 3628800 வரிசை, அதில் பூஜ்யத்தில் தொடங்குவதைக் கழித்தால் 3265920. கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது.

ஒரு வேடிக்கை. முதல் தடவை ஓட்டியபோது திரையில் வந்தது −478420006. மைனஸ்! சாதாரண 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 கட்டம்) முழு எண்ணில் அடங்குகிற மிகப் பெரிய எண் 2147483647. அதைத் தாண்டினால் எண்ணிக்கை சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடும். 4294967296-ஐக் கழித்த மாதிரி ஆகிவிடும். 3816547290-இல் அதைக் கழித்துப் பாருங்கள், அந்த மைனஸ் எண்தான் வரும். எண்ணுக்கு இன்னும் பெரிய இடம் ஒதுக்கும் வகைக்கு மாற்றியதும் சரியாயிற்று. சொல்லப்போனால் நம் மொபைல் எண்கள் எல்லாமே 600 கோடிக்கு மேல். அவற்றை 32 பிட்டில் எந்த வகையிலும் அடைக்க முடியாது. மொபைல் நம்பரை எண்ணாகச் சேமிக்காதே, எழுத்தாகச் சேமி என்று புதுப் பையன்களுக்கு நான் சொல்வது இதனால்தான். அந்த 2147483647-உம் லேசுப்பட்டதில்லை. அது ஒரு பகா எண் என்று கணித மேதை ஆய்லர் 1772-இலேயே கையால் கணக்குப் போட்டு நிறுவியிருக்கிறார்.

பூம்பாறைப் பூண்டுக்காரன்:

தம்பி, மெய்சிலிர்க்கிறது. நானும் பெண்ணும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தோம், எல்லாம் சரி. எங்கள் அப்பா கூட வந்து எட்டிப் பார்த்தார். வடுகபட்டி சந்தையில் மூட்டைக் கணக்கு மனத்தாலேயே போடுகிறவர். 7-ஆல் வகுத்ததை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தார், அவருக்கு என் மேல் நம்பிக்கை அவ்வளவு.

கண்ணாடி விஷயம் முடிந்தது. நகல் கொடுத்த பையன் கூப்பிட்டான், கூரியரில் அனுப்பிவிட்டேன். நம்பரைப் பற்றிக் கேட்டதற்கு, "அவன் எல்லா இடத்திலும் அதைத்தான் எழுதுவான் அண்ணே, கடைகளில் கேட்டால்கூட" என்றான்.

இப்போது என் சந்தேகம் வேறு. கணினி தேடிப் பார்த்து ஒன்றுதான் என்கிறது, நம்புகிறேன். ஆனால் ஏன் ஒன்றுதான்? கணினி இல்லாமல் ஒரு மனிதன் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

கோத்தகிரி டீச்சர்:

உண்டு தம்பி. நான் கோத்தகிரியில் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள். ஆறாம் வகுப்பில் வகுபடும் விதிகள் நடத்தும்போது மேட்டுப்பாளையம் பஸ் டிக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருக்கும் எண் 9-ஆல் வகுபடுமா, 8-ஆல் வகுபடுமா என்று பார்க்க வைப்பேன். அந்த விதிகளுக்கு மேல் இங்கே எதுவும் வேண்டாம். பத்துத் துண்டுச் சீட்டில் 0 முதல் 9 வரை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பத்துக் கட்டம் போடுங்கள். பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது கட்டத்தில் 0 விழுந்தே ஆகவேண்டும், 10-ஆல் வகுபட வேறு வழியில்லை. ஐந்தாவது கட்டத்தில் 0 அல்லது 5 வரவேண்டும். 0 போய்விட்டது, ஆகவே 5. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் கட்டங்களில் இரட்டைப்படைதான் வர முடியும். மிச்சமிருக்கும் இரட்டைப்படைகள் 2, 4, 6, 8 நான்கு, கட்டமும் நான்கு. அவை அங்கேயே தீர்ந்துவிடுவதால் 1, 3, 7, 9 நான்கும் ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பதாம் கட்டங்களுக்கு. இதுவரை பேனாவே எடுக்கவில்லை பாருங்கள், ஆனாலும் முப்பது லட்சத்துச் சொச்சம் வரிசை 24 × 24 = 576 ஆகச் சுருங்கிவிட்டது.

அடுத்தது நான்காம் கட்டம். 4-ஆல் வகுபடக் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதும். மூன்றாம் கட்டத்தில் ஒற்றைப்படை. 12, 16, 32, 36, 72, 76, 92, 96 இவைதான் தேறும். ஆக நான்காம் கட்டத்தில் 2 அல்லது 6, வேறு இல்லை.

முதல் மூன்று இலக்கம் 3-ஆல் வகுபடுகிறது, முதல் ஆறும் 3-ஆல் வகுபடுகிறது. அப்படியென்றால் நடு மூன்றின் கூட்டுத்தொகையும் 3-ஆல் வகுபட வேண்டும். அந்த மூன்றின் நடுவில் 5 உட்கார்ந்திருக்கிறது. முன்னால் 2 இருந்தால் பின்னால் 8, முன்னால் 6 இருந்தால் பின்னால் 4. மற்ற எதைப் போட்டாலும் கூட்டுத்தொகை ஒத்துவராது. எனவே நடு மூன்று 258 அல்லது 654.

எட்டாம் கட்டத்துக்குக் கடைசி மூன்று இலக்கம் பார்க்க வேண்டும். ஆறாவது இலக்கம் இரட்டைப்படை என்பதால் அந்த நூறுகள் தாமாகவே 8-ஆல் வகுபட்டுவிடும். ஏழாவதும் எட்டாவதும் சேர்ந்த ஈரிலக்கம் மட்டும் 8-ஆல் வகுபட்டால் போதும். ஏழாவது ஒற்றைப்படை, 5 கிடையாது. 16, 32, 72, 96 மட்டும்தான் மிச்சம்.

இப்போது நடுவில் 258 என்று வையுங்கள். எட்டாம் கட்டத்துக்கு 2 கிடையாது, ஆகவே 6. இரண்டாம் கட்டத்துக்கு 4. முதல் மூன்றின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட வேண்டுமென்றால் 4-க்கு இருபுறமும் 1-உம் 7-உம்தான் பொருந்தும். 1 போய்விட்டதால் 16 கிடையாது, 96-தான். கடைசியில் 3. கிடைத்தவை இரண்டு: 147258963, 741258963.

நடுவில் 654 என்றால் எட்டாவது 2, இரண்டாவது 8. ஏழாவது 3 அல்லது 7. இதே மாதிரி 3-ஆல் வகுபடுவதைப் பார்த்துக்கொண்டே போனால் எட்டு கிடைக்கும்: 189654327, 981654327, 789654321, 987654321, 183654729, 381654729, 189654723, 981654723.

ஆக மொத்தம் பத்தே பத்து. இந்தப் பத்தும் 2, 3, 4, 5, 6, 8, 9 எல்லாவற்றிலும் தேறிவிட்டவை. 9-ஐ நான் சோதிக்கவே இல்லை என்று கேட்பீர்கள். கூட்டுத்தொகை எப்போதும் 45, அதைச் செவ்வாய்க்காரர் முதலிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்! பாக்கி இருப்பது 7 மட்டும்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் எழுதுகிற முறை பத்தை வைத்தது. பத்து என்பது 2 × 5, அதனால் 2, 4, 5, 8 எல்லாம் எண்ணின் வாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பத்திலிருந்து ஒன்று குறைந்தால் 9, அதனால் 3-உம் 9-உம் கூட்டுத்தொகையில் தெரிந்துவிடும். 7-க்கு இந்த இரண்டு உறவும் கிடையாது. பாடப்புத்தகத்தில் 7-க்கு வரும்போது மட்டும் விதி ஏன் இழுபறியாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். காரணம் இதுதான். அந்தப் பையன் உங்கள் பெண்ணிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டது சும்மா இல்லை என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்த வழி 1001. அது 7 × 11 × 13. ஆகவே எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டி, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து வந்தால் போதும். 3816547 என்றால் 547 − 816 + 3 = −266. அது 7 × 38, மைனஸ் குறி பற்றிக் கவலையில்லை. வகுபடுகிறது. பத்தையும் இப்படிப் பாருங்கள், முதல் ஏழு இலக்கத்தை மட்டும். மற்ற ஒன்பதும் விழுந்துவிடும்.

விழுந்தவற்றில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று 987654321. ஒன்பதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வருவதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அது 7-ஐத் தவிர எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறது. 9876543-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5. இன்னொன்று 741258963. அதை உங்கள் போனில் அழுத்திப் பாருங்கள். இடது வரிசையில் கீழிருந்து மேலே, நடு வரிசையில் மேலிருந்து கீழே, வலது வரிசையில் மறுபடி கீழிருந்து மேலே. விரலை எடுக்காமல் வளைந்து வளைந்து போய்விடலாம். அதுவும் 7-இல் மட்டும் தவறுகிறது, மீதி 2.

ஊட்டி உருளை:

டீச்சர், அருமையாகச் சொன்னீர்கள், ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். இது எண்ணின் குணமா, நாம் எழுதுகிற முறையின் குணமா? 7 ஒரு பகா எண் என்றால் ரோமன் எழுத்தில் எழுதினாலும் பகா எண்தான், கூழாங்கல்லை அடுக்கினாலும் பகா எண்தான். இந்த 381 கோடியே 65 லட்சத்துச் சொச்சம் கூழாங்கல்லைக் குவித்து வைத்தால் அதில் "முதல் மூன்று இலக்கம்" எங்கே இருக்கிறது? விரல் பத்து இருப்பதால் வந்த வேடிக்கைக்கு இத்தனை கொண்டாட்டமா?

கோத்தகிரி டீச்சர்:

சரியான உறுத்தல் தம்பி. கூழாங்கல் குவியலுக்கு உள்ள குணம் என்றால் அதன் காரணிகள்தான். பூஜ்யத்தை எடுத்துவிட்டால் 381654729 = 9 × 19 × 2231899. அந்த 19 எங்கிருந்து வந்தது என்றால், யாரும் அழைக்காமல் வந்தது. 381654729 ஒன்றே ஒன்றாக நிற்பதற்கும் பெரிய காரணம் எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். பத்துப் பேர் 7-க்கு முன்னால் நின்றார்கள். ஒவ்வொருவரும் தேற ஏழில் ஒரு வாய்ப்பு. சராசரியாக ஒன்றோ இரண்டோ தேறும், ஒன்று தேறியது. ஒன்றுமே தேறாமலும் போயிருக்கலாம், மூன்று தேறியிருக்கலாம். பத்து வரை குறுக்கிக் கொண்டுவந்தது கணக்கு. பத்திலிருந்து ஒன்று ஆனது தற்செயல்.

ஆனால் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அடிமானத்தை, அதாவது பத்துப் பத்தாகக் கட்டி எழுதுகிறோமே அந்தப் பத்தை, மாற்றிப் பாருங்கள். நான்கை அடிமானமாக வைத்தால் 1, 2, 3 என்று மூன்று இலக்கம்தான், பூஜ்யத்தை விட்டுவிடலாம். அதில் 123, 321 இரண்டுமே தேறும். நான்கின் அடிமானத்தில் 12 என்றால் நம் கணக்கில் 6, அது 2-ஆல் வகுபடும். 123 என்றால் 27, அது 3-ஆல் வகுபடும். ஆறின் அடிமானத்தில் 14325, 54321 என்று இரண்டு. எட்டின் அடிமானத்தில் மூன்று: 3254167, 5234761, 5674321. பத்தில் ஒன்று. பன்னிரண்டில் ஒன்றுமே இல்லை. பதினான்கில் மறுபடி ஒன்று தலைகாட்டுகிறது.

ஒற்றைப்படை அடிமானங்களை ஏன் விட்டேன் என்றால், அவற்றில் வரவே வராது. அதற்குத் தேடவே வேண்டாம். ஐந்தின் அடிமானத்தை எடுங்கள். நமக்கு 9 எப்படியோ அங்கே 4 அப்படி, கூட்டுத்தொகை 4-ஆல் வகுபட்டால்தான் எண் வகுபடும். 1+2+3+4 = 10. அது 4-ஆல் வகுபடாது. எப்படி அடுக்கினாலும் நாலாம் கட்டத்தில் முடிந்தது கதை. ஏழுக்கும் அப்படித்தான், 1 முதல் 6 வரை கூட்டினால் 21, அது 6-ஆல் வகுபடாது. எல்லா ஒற்றைப்படைக்கும் பாதி மீதி நின்றுவிடும். இது விரலின் எண்ணிக்கையைப் பொறுத்ததில்லை, தம்பி.

கூடலூர் நிரலாளன்:

டீச்சர், உங்கள் பதிலைப் படித்துவிட்டு என் நிரலைத் தூக்கிப் போடத் தோன்றியது. போடவில்லை, வேறு ஒன்றுக்குப் பயன்படுத்தினேன். ஒவ்வோர் இலக்கமும் ஒரே முறை என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால், வெட்டி வெட்டி வகுபடும் எண்கள் எதுவரை நீளும்?

ஓரிலக்கத்தில் 9, ஈரிலக்கத்தில் 45, மூன்றில் 150, பிறகு 375, 750, 1200, 1713, 2227, 2492 என்று ஏறுகிறது. பத்திலக்கத்தில் மறுபடி அதே 2492. அது தற்செயல் இல்லை, ஒன்பதிலக்க எண் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பூஜ்யம் மட்டும்தான் ஒட்ட முடியும். அதற்குப் பிறகு இறக்கம்தான். பின்னால் ஒட்டப் பத்து இலக்கம்தான் இருக்கிறது, வகுக்க வேண்டியதோ 11, 12, 13 என்று வளர்ந்துகொண்டே போகிறது. பலருக்கு ஒட்ட எதுவுமே கிடைக்காமல் போகும். 22 இலக்கத்தில் 12 எண், 23-இல் 6, 24-இல் 3, 25-இல் ஒன்று. மொத்தம் 20456. அந்தக் கடைசி ஒன்று:

3608528850368400786036725

25 இலக்கம். அதற்கு மேல் இல்லை. ஏன் இல்லை என்று டீச்சருடைய 1001-ஐ வைத்தே பார்த்தேன். 26 என்பது 2 × 13. மூன்று மூன்றாக வெட்டிக் கூட்டிக் கழித்தால் 725 − 36 + 786 − 400 + 368 − 850 + 528 − 608 + 3 = 516. அதை 13-ஆல் வகுத்தால் மீதி 9. பின்னால் ஒரு பூஜ்யம் ஒட்டினால் எண் பத்து மடங்கு, மீதி 90, அதாவது 12. பூஜ்யத்தில் முடிவதால் இரட்டைப்படை, ஆகவே 26-ஆல் வகுத்தாலும் மீதி 12-தான். இன்னும் 14 சேர்த்தால்தான் 26 நிறையும். ஓர் இலக்கத்தில் 14 ஏது?

பூம்பாறைப் பூண்டுக்காரன்:

டீச்சர், வணக்கம். உங்கள் பதிலைப் பெண் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். துண்டுச்சீட்டு வைத்து விளையாடினோம், பத்தும் எங்களுக்கும் வந்தது. 7-இல் ஒவ்வொன்றாக விழும்போது என் மனைவிதான் சத்தமாகச் சிரித்தாள்.

பன்னிரண்டில் ஒன்றுமே இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதில் பிள்ளைக்குக் கோபம். ஒற்றைப்படைக்குக் காரணம் சொன்னவர் பன்னிரண்டுக்கு ஏன் சொல்லவில்லை என்று மண்டி பில்லின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது முடித்திருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், சரியா பாருங்கள்.

பன்னிரண்டின் அடிமானத்தில் 1 முதல் 11 வரை பதினோரு இலக்கம். 2, 3, 4, 6 எல்லாம் 12-ஐ வகுப்பவை, அவற்றுக்குக் கடைசி இலக்கம் மட்டும் பார்த்தால் போதும். ஆறாம் கட்டத்தில் 6-தான் வரவேண்டும், வேறு எதுவும் 6-ஆல் வகுபடாது. நான்காம், எட்டாம் கட்டங்களில் 4-ஆல் வகுபடுவது வேண்டும், அது 4-உம் 8-உம். இரட்டைக் கட்டமெல்லாம் இரட்டைப்படை பிடித்துக்கொள்வதால் ஏழாம் கட்டத்தில் ஒற்றைப்படை. எட்டால் வகுபடக் கடைசி இரண்டு இலக்கம் போதும், ஏனென்றால் 144 என்பது 8-ஆல் வகுபடும். ஒற்றைப்படையைப் 12-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 4. ஆகவே எட்டாம் கட்டத்தில் 4 வந்தால்தான் நிறையும். நான்காம் கட்டத்துக்கு 8.

ஒன்பதுக்கும் கடைசி இரண்டு போதும், 144-ஐ 9-உம் வகுக்கும். எட்டாம் கட்டத்தில் 4 இருப்பதால் 4 × 12 = 48, மீதி 3. இன்னும் 6 வேண்டும். ஒன்பதாம் கட்டத்தில் 6-ஐப் போடலாம் என்றால், அது ஏற்கெனவே ஆறாம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கோத்தகிரி டீச்சர்:

முழுக்கச் சரி. ஏழுக்குப் போகவே இல்லை பார்த்தீர்களா, அதற்குத் தேவையே வரவில்லை. பதினான்கில் எத்தனை பேர் கடைசி வரை வருகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பில்லின் பின்பக்கம் போதாது, பெரிய தாளாகக் கொடுங்கள்.